லாட் நம்பர் உண்டு, பேரேடு இல்லை

2025 ஜனவரி 26. குடியரசு தின விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்துவிட்டதே என்று ஊரே நொந்துகொண்டிருக்க, குரங்கணி மட்டும் காரும் ஜீப்புமாக நிரம்பியிருந்தது. போடியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். மலை பாதிக்கு மேல் மூடுபனிக்குள். டீக்கடை பெஞ்சில் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் ஜீப் வாடகைக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தது. கணக்கு தீரவில்லை.

“அட்வான்ஸ் ஆயிரம் ரூபா பொங்கலுக்கே போட்டுட்டேன் தம்பி.”

“ஓனரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையேண்ணே. மொத்தமா வாங்கிட்டு வான்னுதான் சொல்லிவிட்டாரு.”

“ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். இந்தா, இரு காட்டுறேன்.”

ஓனருக்கு அடித்துக் கேட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. அந்த அண்ணன் கட்டைவிரலால் திரையை மேலே தள்ள ஆரம்பித்தார். ராசிபலன். தங்கம் விலை. மகளின் ஹால் டிக்கெட். மூட்டுவலிக்கு யாரோ சொன்ன கஷாயம். ரயில் டிக்கெட். மறுபடியும் தங்கம் விலை. நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். அவர் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

“பேரு போட்டு வச்சிருக்கலாமேண்ணே?” என்றார் டிரைவர்.

“நான் எங்கப்பா போடுறது? அதுவே ஒரு பேரு வச்சுக்கிருது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எட்டிப் பார்த்தேன். விரல் நின்ற படத்தின் விவரத்தைத் திறந்தால், ‘ஸ்கிரீன்ஷாட்’ என்று ஆரம்பித்து ஓர் அடிக்கோடு, பிறகு எண்களாக ஓடி, கடைசியில் புள்ளி வைத்துப் புள்ளி வைத்து ஏதோ நீளமாக ஒரு வால். பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொன்னால் பிறந்த நேரத்தையும் ஆஸ்பத்திரி வார்டையும் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

குரங்கணியில் ஸ்கிரீன்ஷாட் ஆடம்பரமான விஷயம் கிடையாது. மேலே சிக்னலை நம்ப முடியாது என்பதால், போடியிலேயே எல்லாவற்றையும் படமாகப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் அதிகம். வழி, தங்கும் இடத்தின் நம்பர், பணம் போட்டதற்கான அத்தாட்சி. மலையேறியவர்களைப் பலிகொண்ட 2018 மார்ச் 11 காட்டுத்தீக்குப் பிறகு இந்த மலையில் அனுமதிச் சீட்டு எவ்வளவு முக்கியம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை மலையேற்றத்துக்கு இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தச் சீட்டும் போனுக்குள்தான். கையில் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை என்பது இங்கே கேட்டுப் பழகிய புலம்பல்.

வாலில் இருக்கிறது பைசா

போன் வைக்கும் பெயரைத் தபால் ஆபீஸ் முத்திரையோடு ஒப்பிடலாம். கவருக்குள் என்ன இருக்கிறது என்று முத்திரைக்குத் தெரியாது. எப்போது குத்தினார்கள், எந்த ஊரில் குத்தினார்கள், அவ்வளவே. பல ஆண்ட்ராய்ட் போன்கள் முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள், ஒரு கோடு, மணி, நிமிடம், நொடி என்று குத்துகின்றன. சாம்சங் அதன் பின்னால் எந்தச் செயலியில் இருந்தபோது படம் எடுக்கப்பட்டது என்று சேர்க்கும். ஷாவ்மி போன்களில் செயலியின் வெளிப்பெயர் வராது. உள்ளே கம்பெனிக்காரர்கள் வைத்துக்கொண்ட ஜாதகப் பெயர்தான் வரும். ஓப்போ, ரியல்மி போன்களில் இன்னும் மோசம், 32 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரம். அதுவும் குப்பை கிடையாது. ஒரே செயலிக்கு எப்போதும் ஒரே சரம்தான் வரும். வாட்ஸ்அப்புக்கு ஒன்று, வங்கிச் செயலிக்கு வேறொன்று.

ஷாவ்மியின் வாலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கூகுள் பேயில் பணம் அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், பெயரின் முடிவில் ‘என்பியு புள்ளி பைசா புள்ளி யூசர்’ என்று வந்து நிற்கும். 2017 செப்டம்பரில் ‘தேஸ்’ என்ற பெயரில் வந்த செயலி அது. பெயர்ப் பலகை பிறகு மாறியது. ஆனால் ப்ளே ஸ்டோரில் ஒருமுறை பதிந்த ஜாதகப் பெயரை மாற்ற முடியாது. அதனால் பைசா என்ற சொல் உள்ளே அப்படியே தங்கிவிட்டது. இப்படிப்பட்ட போன் வைத்திருப்பவர்கள் ஃபைல் மேனேஜரில் ஆங்கிலத்தில் பைசா என்று தட்டினால், கூகுள் பேயில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஒரு பூட்டின் சாவி வீட்டு உத்தரத்திலேயே இருந்தது தெரிந்த மாதிரி இருந்தது.

ஐபோன் இந்த வம்புக்கே போவதில்லை. மூன்று எழுத்து, ஒரு அடிக்கோடு, நான்கு இலக்கம். காமிராவில் எடுத்த படம், திரையைப் பிடித்த படம் இரண்டுக்கும் ஒரே வரிசை. இந்த நான்கு இலக்கக் கணக்கு டிஜிட்டல் காமிரா காலத்துச் சொத்து. பெயருக்கு எட்டு எழுத்து, வகைக்கு மூன்று எழுத்து என்று டாஸ் காலத்தில் இருந்த கட்டுப்பாட்டுக்குள் அடங்கும்படி, 1998-ல் ஜப்பானிய மின்னணுத் தொழில் சங்கம் காமிராக்களுக்கு ஒரு பொது விதி போட்டது. முன்னால் நான்கு எழுத்து, பின்னால் 0001 முதல் 9999 வரை எண். எந்தக் கம்பெனிக் காமிராவின் கார்டையும் எந்த இயந்திரத்திலும் போட்டுப் பார்க்கலாம் என்பது அப்போது பெரிய வசதி. ஒருவர் நாலாயிரம் ராசிபலனைச் சேர்த்து வைப்பார் என்று அந்த விதியை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

9999-க்கு அப்புறம்? மறுபடி 0001.

இது நமக்குப் புதிதா என்ன? பிரபவ முதல் அட்சய வரை 60 வருடப் பெயர்கள், முடிந்ததும் மறுபடி பிரபவ. பழைய பத்திரத்தில் வருடப் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போன தாத்தா, எந்தச் சுற்று என்று எழுதவில்லையானால் பேரன் 60 வருடம் முன்னா பின்னா என்று வக்கீலிடம் நிற்க வேண்டும். கல்வெட்டு படிப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. சுற்றி வரும் எண்ணுக்கு இன்னொரு எண் துணை வேண்டும்.

மலையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1924 ஜூலையில் கேரளத்தையும் இந்த மலைத்தொடரையும் புரட்டிப் போட்ட பெருவெள்ளத்தை மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099-ன் கடைசி இரண்டு இலக்கம் அது. அந்த ஆண்டுக்கணக்கு தெரியாத ஒருவர் 1899 என்றோ 1999 என்றோதான் எடுத்துக்கொள்வார். அந்த வெள்ளத்தில்தான் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அடித்துக்கொண்டு போனது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் குறும்பாதை ரயிலாக மாறிய பாதை அது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிப் பக்கம் இருந்த கீழ் நிலையத்துக்கு வரும். பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு. ரயில் போச்சு, ரோப்வே போச்சு, பெயர் மட்டும் இருக்கிறது. குரங்கணியிலிருந்து மேலே ஏறினால் முதலில் சென்ட்ரல் ஸ்டேஷன், அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். இரண்டிலும் ஸ்டேஷன் கிடையாது. ரோப்வேக்காக மேல், நடு, கீழ் என்று வைத்த பெயர்களும் ஒருவகையில் இயந்திரம் தானாக வைத்த பெயர்களே. ஆனாலும் அங்கே யாரும் வழி தவறுவதில்லை. ஊரில் நாலைந்து தலைமுறை உட்கார்ந்து அந்தப் பெயருக்குப் பின்னால் கதையைச் சேர்த்துவிட்டது.

நாளா, வருடமா, எது முன்னால்?

டீக்கடை அண்ணன் அதற்குள் தேடல் பெட்டியில் தட்ட ஆரம்பித்திருந்தார். ‘ஜீப்’ என்று தட்டினார். ஒன்றும் இல்லை. ‘போடி ஜீப்’, ‘அட்வான்ஸ்’. இல்லை. பொங்கல் விடுமுறையில்தான் என்று ஞாபகம் இருந்ததால் 14-1-2025 என்று தட்டினார், 15-1-2025 என்று தட்டினார். இல்லை.

தேதி அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஆனால் நாம் எழுதுகிற வரிசையில் இல்லை. நமக்கு நாள் முன்னால், மாதம் நடுவில், வருடம் கடைசி. பள்ளிக்கூடக் கரும்பலகையிலிருந்து பேங்க் சலான் வரை அப்படித்தான். போனுக்கு வருடம் முன்னால். இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் பெயர்களை அகராதி மாதிரி இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும். நாளை முன்னால் வைத்தால் எல்லா வருடத்து எல்லா மாதத்து 1-ம் தேதிகளும் ஒரே கும்பலாகச் சேர்ந்துவிடும். வருடம் முன்னால், ஒற்றை இலக்க மாதத்துக்குப் பூஜ்யம் சேர்த்து எழுதினால், பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். 1988-ல் வந்த சர்வதேசத் தேதி விதி சொல்வதும் இதே வரிசையைத்தான்.

மேக் கம்ப்யூட்டர் இதில் பாதி தூரம் வந்து கோட்டை விட்டது. தேதியில் வருடம் முன்னால் வரும். நேரத்தை 12 மணிக் கணக்கில் எழுதி ஏ.எம்., பி.எம். போடும். அதனால் மதியம் 1 மணிப் படம் காலை 10 மணிப் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸில் பொத்தானை அழுத்தி எடுத்தால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று எண் போகும். பழைய படங்களை அழித்தாலும் எண் பின்னால் வராது, ஏனென்றால் கணக்கு ஃபோல்டரில் இல்லை, கம்ப்யூட்டரின் அடிமனசில் இருக்கிறது. இந்த ஃபைல்களை வேறு எங்காவது ஏற்றினால் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்பதையும் பார்க்கலாம். எழுத்தாக ஒப்பிட்டால் 1 சின்னது இல்லையா!

இவ்வளவு திட்டினாலும், அந்தத் தேதி முத்திரையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய போனிலிருந்து புதுப் போனுக்குப் படங்களை மாற்றியவர்களைக் கேளுங்கள். கேலரியில் எல்லாப் படமும் மாற்றிய அன்றைக்கு எடுத்ததாகக் காட்டும். காமிராப் படத்துக்காவது உள்ளே எடுத்த நேரம் தனியாகப் பதிந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பெரும்பாலும் அதுவும் இருக்காது. ஃபைலின் தேதி போனாலும் பெயருக்குள் இருக்கும் தேதி போகாது. 2019-ல் எடுத்த படம் 2025-லும் 2019 என்றே சொல்லும்.

47-க்கு நேரே ஒரு வரி

போடிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கம்ப்யூட்டர் படித்தவர் தேவையில்லை. ஏல மையத்தில் ஒரு நாள் நின்றால் போதும்.

ஸ்பைசஸ் போர்டு 2007-லேயே ஏலக்காய்க்கு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்துவிட்டது. போடியிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. தோட்டக்காரர் காயைக் கொண்டுவந்து ஏல நிறுவனத்தில் பதிந்ததும் ஒரு லாட் நம்பர் விழும். 47 என்று வைத்துக்கொள்வோம். அந்த 47-ல் என்ன இருக்கிறது? காய் பச்சையா, வெளுப்பா, குண்டா, வற்றலா, எந்தத் தோட்டம், எதுவுமில்லை. வந்த வரிசை மட்டுமே. போன் வைக்கிற பெயருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனாலும் 47 தொலைந்தது என்று யாரும் அலறுவதில்லை. 47-க்கு நேரே ஒரு வரி இருக்கிறது: யாருடையது, எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, யார் எடுத்தார், என்ன விலைக்கு. வியாபாரியின் முன்னால் சாம்பிள் வருகிறது. நகத்தால் கீறி, உள்ளே விதை கறுப்பா என்று பார்த்து, முகர்ந்துவிட்டுத்தான் அவர் பொத்தானை அழுத்துகிறார். எண்ணும் காயும் வரியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. சாயங்காலம் அன்றைய ஏலம் மொத்தமும் ஒரே வரியாகச் சுருங்கும்: எத்தனை லாட், வரத்து எத்தனை கிலோ, விற்றது எத்தனை கிலோ, உச்ச விலை, சராசரி விலை.

இதற்கு நேர் எதிராக இன்னொரு பெயரிடும் முறையும் இதே வியாபாரத்தில் இருக்கிறது. தரப் பெயர். ஏஜிஇபி என்றால் ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட், காய் 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏஜிபி 6, ஏஜிஎஸ் 5. சல்லடையில் ஏறி இறங்கி, பெண்கள் கையால் பொறுக்கிப் பிரித்த பிறகு கிடைக்கிற பெயர் இது. மூட்டை டெல்லிக்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும், பேரேடு கூடவே போகாவிட்டாலும், பெயரே சரக்கைச் சொல்லிவிடும். லாட் நம்பர் போடுவது சும்மா. தரப் பெயர் வைக்க உழைப்பு வேண்டும்.

நம் ஸ்கிரீன்ஷாட்டுகளிடம் இருப்பது வெறும் லாட் நம்பர். பேரேடும் கிடையாது, தரம் பிரித்ததும் கிடையாது.

2019 ஆகஸ்ட் 3-ம் தேதி புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. அன்றைக்குப் போடியில் அந்த விலைப் பட்டியலைப் படமாகப் பிடிக்காத போன் குறைவாகத்தான் இருந்திருக்கும். இன்றைக்கு எடுக்கச் சொல்லுங்கள். ‘ஏழாயிரம் போன நாள்’ என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம். 20190803 என்று யார் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்? நாள் தெரிந்தால் நொடியில் கிடைக்கும். நாள் தெரியாததால்தானே தேடுகிறோம்.

சினிமாக்காரர்கள் இதை அழகாகச் சமாளிக்கிறார்கள். 2010-ல் வந்த ‘மைனா’ எடுக்கப்பட்டது குரங்கணியில்தான். படப்பிடிப்பில் காமிரா தன் போக்கில் ஒவ்வொரு துண்டுக்கும் எண் வைத்துக்கொண்டே போகும். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஷாட்டின் தலையிலும் ஒருவர் கிளாப் பலகையில் சீன், ஷாட், டேக் எழுதிக் காட்டி ‘டப்’ என்று தட்டிவிட்டுப் போகிறார். உதவி இயக்குநர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். இயந்திரம் வைத்த பெயரை அழிப்பதே இல்லை. பக்கத்தில் மனிதப் பெயர் ஒன்று ஒட்டிக்கொள்கிறது.

ஏன் யாரும் பெயர் மாற்றுவதில்லை?

சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதி உண்மை. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த அரை நொடி. பெயர் மாற்ற மூன்று புள்ளியைத் தொட்டு, பட்டியலில் தேடி, எழுத்துப் பலகை எழும்பி, பழைய பெயரை அழித்து, புதுசைத் தட்ட இருபது நொடி. நாற்பது மடங்கு வேலைக்கு யார் தயார்?

மீதி உண்மை வேறு. எடுக்கும்போது எந்தப் பெயர் உதவும் என்று நமக்கே தெரியாது. அந்த ஆயிரம் ரூபாய் ஸ்கிரீன்ஷாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு அது ‘ஜீப் அட்வான்ஸ்’. ஜீப் ஓனருக்கு ‘மதுரைப் பார்ட்டி’. தகராறு வந்து பேங்க்கில் கேட்டால் அவர்களுக்கு அது 12 இலக்க யூபிஐ எண். தேட ஆரம்பிக்கும்போதுதான் எந்தப் பெயரில் தேடுவோம் என்பதே தெரிகிறது. போனுக்கு நம் மனசு தெரியாது. அது தெரிந்ததை மட்டும் சொல்கிறது, மணியையும் செயலியையும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

இப்போது படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படித்துத் தேடித் தரும் வசதி வந்துவிட்டது. கூகுள் போட்டோஸ் 2019-லிருந்து செய்கிறது. பிக்ஸல் 9 போனோடு 2024-ல் கூகுள் ஸ்கிரீன்ஷாட்டுக்கென்றே ஒரு தனிச் செயலியைக் கொடுத்தது. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் என் போனில் ஆங்கிலத்தில் ‘பெய்டு’ என்று தேடினால் ஐந்நூறு படம் வந்து நிற்கிறது. எல்லாமே பணம் கட்டியதுதான்! தமிழில் எழுதிய போஸ்டரைத் தேடினால் ஒரு நாள் கிடைக்கிறது, ஒரு நாள் இல்லை. படத்துக்குத் தானே பொருத்தமான பெயரை ஊகித்து வைக்கிற கருவிகளும் வருகின்றன. அவை தேதியை அழித்துவிட்டு ‘பணப் பரிவர்த்தனை ரசீது’ என்று ஐந்நூறு படத்துக்கும் பெயர் வைத்தால், இருந்த லாட் நம்பரும் போச்சு.

தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்றால், தாராளமாக வைக்கலாம். ஒரு சின்னப் பள்ளம் மட்டும் இருக்கிறது. ‘கொட்டகுடி’ என்று எழுதுகிறோம். முதல் எழுத்தில் ‘கொ’ இருக்கிறதே, அதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாக உடைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக் கம்ப்யூட்டர்கள் பெயரைச் சேமிக்கும்போது இரண்டாக உடைத்துவிடும். அங்கிருந்து வந்த ஃபைலை வேறு இயந்திரத்தில் தேடினால், எழுத்து எழுத்தாக ஒப்பிடும் தேடல் ‘இல்லை’ என்று சொல்ல வாய்ப்புண்டு. கொட்டகுடி, கொழுக்குமலை, போடிமெட்டு… இந்த மலையில் ஒகர ஓகாரம் இல்லாத ஊரைத் தேட வேண்டும்போல.

வாட்ஸ்அப் ஞானஸ்நானம்

இந்தக் கதையில் எனக்கு உண்மையாகவே கோபம் வருவது வாட்ஸ்அப் மேல்தான். நீங்கள் பார்த்துப் பார்த்து ‘20250116 ஜீப் அட்வான்ஸ் குரங்கணி’ என்று பெயர் வைத்து அனுப்புங்கள். மறுபக்கம் போய்ச் சேரும்போது அது படம், ஒரு தேதி, டபிள்யூஏ, ஒரு நான்கு இலக்க எண் என்று மொட்டை அடித்துப் புதுப் பெயரோடு நிற்கும். அந்தத் தேதி படம் வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி இல்லை. படமும் அமுக்கப்பட்டு மங்கலாகும். படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் பெயரும் தரமும் அப்படியே போகும். இது தெரிந்தவர் எத்தனை பேர்?

2020 கொரோனா காலத்தில் இது விளையாட்டாக இல்லை. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, எல்லையில் பாஸ் காட்டினால்தான் அந்தப் பக்கம் விடுவார்கள். போடியில் வீடு, இடுக்கியில் தோட்டம் என்றிருப்பவர்களுக்கு ஏலக்காய் காத்திருக்காது. தமிழ்நாட்டு இ-பாஸ், கேரளத்தின் கோவிட் ஜாக்ரதா பாஸ், இரண்டும் போனுக்குள். மகன் எடுத்து அனுப்பிய படம் அப்பா போனில் வேறு பெயரில் இறங்கும். போன வாரத்துப் பாஸுக்கும் இந்த வாரத்துப் பாஸுக்கும் சின்னப் படமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, கண்ணாடி இல்லாமல் போனை நீட்டிப் பிடித்துத் தேடிய பெரியவர்களை நினைத்தால் இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

பெயர் மாற்றினால் கோர்ட்டில் செல்லாதே என்று ஒரு பயம் பலருக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமம், 63-ம் பிரிவில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை. பெயரை மாற்றினால் அது மாறாது. படத்தை வெட்டினாலோ, மேலே சிவப்பு வட்டம் போட்டாலோ மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி அமுக்கினாலும் மாறிவிடும். ஆக, பெயர் மாற்றப் பயப்படுகிற நாம், பயமில்லாமல் செய்வதெல்லாம் கைரேகையை அழிக்கிற வேலை.

என் வழக்கத்தைக் கேட்டால் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பதில்லை, முடியாது. பணம், பயணம், பத்திரம் இந்த மூன்றுக்கு மட்டும். போன் வைத்த பெயரைத் தொட மாட்டேன். அதன் கடைசியில் யார், எதற்கு என்று இரண்டு சொல் சேர்ப்பேன். மீதியை மாதம் ஒருமுறை பஸ்ஸில் உட்கார்ந்து அழிப்பேன். ராசிபலன் மாதிரி பழசானதும் பயனில்லாததுதான் முக்கால்வாசி.

டீக்கடைக்குத் திரும்புவோம். அண்ணனின் பொறுமை போய், “விடு தம்பி, ஆயிரம் ரூபாதானே” என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். அதுவரை பிள்ளைக்கு பஜ்ஜி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்தார்.

“ஏங்க, அன்னைக்கு டி.வி.யில அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சுல்ல? மாடு வெளிய வர நேரத்துல போய் ஜீப்புக்குப் பணம் அனுப்புறேன்னு உக்காந்துட்டீங்கன்னு நான் கத்துனேனே.”

அலங்காநல்லூர் என்றால் தை மூன்று. தை மூன்று என்றால் ஜனவரி 16. அண்ணன் வேகமாக 16-1-2025 என்று தட்டினார். இல்லை. நான் மெதுவாக, “வருஷத்தை முன்னால போடுங்கண்ணே, கோடு வேண்டாம்… சீரோ ஒண்ணு… பதினாறு” என்றேன். அவர் போனில் கோடு போட்டுத்தான் பெயர் விழுந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. கோட்டோடு தட்டச் சொன்னேன். மூன்று படம் வந்தது. ஒன்றின் வாலில் யூடியூப். ஒன்றில் வாட்ஸ்அப். மூன்றாவதில் பைசா.

திறந்தார். பச்சை டிக், 1,000 ரூபாய், காலை 11 மணி 32 நிமிடம், ஓனர் பெயர். டிரைவர் எட்டிப் பார்த்து, “சரிண்ணே, சரிண்ணே” என்று சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து முனை மடிந்த ஒரு குட்டி டைரியை எடுத்து, பால்பாயிண்ட் பேனாவை உதறி, “அந்தப் பன்னெண்டு நம்பரை மட்டும் மெதுவா வாசிங்கக்கா” என்றார். அக்கா வாசித்தார். அவர் தேதி போட்டு, ‘மதுரை, குரங்கணி, வரவு 1000’ என்று எழுதி, அந்த எண்ணைக் கீழே எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார்.